மதுரையில் பிசின் தேனீ: தேடுவதற்கும் படம் எடுப்பதற்கும் இடம் கொடுப்பதற்கும் ஒரு முழு வழிகாட்டி

மரத்தில் வடியும் பிசினை வாயில் உருட்டிக்கொண்டு வந்து, கிடைத்த ஓட்டைக்குள் அறை அறையாகத் தடுத்து, அறைக்கு ஒரு முட்டை வைத்து, கடைசியில் வாசலையும் பிசினால் பூசி மூடிவிட்டுப் போகிற காட்டுத் தேனீ ஒன்று மதுரைப் பக்கம் உண்டு. பார்த்திருக்கிறீர்களா என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இல்லை என்பார்கள். பார்த்த ஒருவர் இருந்தால், “அது வண்டு தம்பி, தேனீ இல்ல” என்பார்.

கண்ணில் படாததற்குக் காரணம் எளிது. மலைத்தேனீ, அடுக்குத்தேனீ மாதிரி இது கூட்டமாக இருப்பதில்லை. ராணி கிடையாது, வேலைக்காரத் தேனீ கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனியாளாக வீடு பார்த்து, தனியாகக் கட்டி, தனியாகவே பிள்ளைகளுக்குச் சோறு வைக்கிறது. பத்தாயிரம் தேனீ மொய்க்கும் அடையைத் தெருவே நின்று பார்க்கும். கதவு நிலையில் இருக்கும் ஒற்றை ஓட்டைக்குள் ஒருத்தி போய்வருவதை யார் பார்ப்பார்கள்?

பூச்சி பார்க்கக் கிளம்பும் பலரும் நேரே பூச்செடிக்குப் போகிறார்கள். பிசின் தேனீக்கு அது சுற்றுவழி. பூவில் அது நிற்பது சில நொடிதான், கூட்டுக்கோ நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். ஆகவே முதலில் ஓட்டை, அடுத்து பிசின் வடியும் மரம், கடைசியாகத்தான் பூ. இந்த வழிகாட்டியும் அதே வரிசைதான்.

ஆளை அடையாளம் தெரிந்துகொள்வது

உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. அதில் மெகாகைல் என்ற பேரினம் மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். ரோஜா இலையை வட்டமாக நறுக்கிக்கொண்டு போகும் இலைவெட்டித் தேனீயும் இதில்தான் சேர்த்தி. பிசின் தேனீ அதற்குப் பங்காளி முறை. இலை நறுக்கத் தேவையான கத்தி விளிம்பு அதன் தாடைப் பற்களுக்கு நடுவே இருக்காது. இலைக்குப் பதில் பிசின், அதோடு மண், மணல், மரத்தூள் என்று கலந்து கட்டும்.

தென்னிந்தியாவில் பரவலாகப் பதிவாகியிருப்பது மெகாகைல் டிஸ்ஜங்டா. 1781-லேயே டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், கறுப்பு உடல், இடுப்பை ஒட்டி வெள்ளை முடி. இறக்கையைக் கவனியுங்கள்: உடலை ஒட்டிய பகுதி தெளிவாகவும் நுனிப் பகுதி புகை படிந்ததுபோல் கறுத்தும் இருக்கும். தூரத்திலிருந்தே கைகொடுக்கும் அடையாளம் இதுதான்.

நிறத்தைவிட நம்பகமானது மகரந்தம் சுமக்கும் இடம். சாதாரணத் தேனீயும், கருவண்டு என்று நாம் சொல்லும் மரம் குடையும் தேனீயும் மகரந்தத்தைப் பின்னங்காலில் சுமக்கும். மெகாகைல் குடும்பம் அடிவயிற்றில் சுமக்கும். வயிற்றின் கீழ்ப்புறம் அடர்த்தியான முடி, அதில் மஞ்சள் பொடி அப்பியிருக்கும். பூவில் உட்காரும்போது வயிற்றைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. கறுப்பான ஒரு தேனீ வயிற்றைத் தூக்கி அடியில் மஞ்சளைக் காட்டினால், பாதி வேலை முடிந்தது. ஆணுக்கு இந்த முடிப் படுகை கிடையாது. நல்ல படம் கிடைத்தால் உணர்கொம்பின் கணுக்களை எண்ணலாம்: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13.

குழப்பக்கூடியவை மூன்று. கருவண்டு உருவத்தில் பெரியது, மினுமினுக்கும், உலர்ந்த மரத்தையும் மூங்கிலையும் தானே குடைந்துகொள்ளும். பிசின் தேனீ குடையாது, ஏற்கெனவே இருக்கும் ஓட்டைக்குத்தான் குடிபோகும். வீட்டுக்குள் மண்கூடு கட்டும் குளவிக்கு இடை நூலாக இருக்கும், வயிற்றில் முடி இருக்காது. கொசுத்தேனீயும் பிசின் சேர்க்கும், ஆனால் அது கடுகளவுப் பூச்சி, பின்னங்காலில் ஒட்டி எடுத்துப் போகும், வாசலில் ஒரு குழாய் நீட்டியிருக்கும்.

இன்னொரு பங்காளி மெகாகைல் லனாட்டா. பழுப்பு முடி போர்த்திய உடல், கட்டுவது மண்ணால். துவரைக் கொல்லையில் இதைப் பார்த்துவிட்டு “பிசின் தேனீ கிடைத்துவிட்டது” என்று துள்ளுகிறவர்கள் உண்டு. துள்ளலாம், பெயரை மட்டும் சரியாகப் போடுங்கள்.

ஓட்டை வேட்டை

எங்கே தேடுவது? புது கான்கிரீட் வீட்டில் ஒன்றும் இருக்காது. வண்டு குடைந்த உத்திரம், பழைய கதவு நிலை, மாட்டுக்கொட்டகைக் கழி, வருடக்கணக்காக அவிழ்க்காத பந்தல் மூங்கில், செம்மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர், பட்டுப்போன மரத்தின் நிற்கும் கட்டை, இவைதான் அதன் வீடுகள். நகருக்குள் என்றால் பழைய மரங்களை வெட்டாமல் வைத்திருக்கும் கல்லூரி வளாகங்களில் பாருங்கள். 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, ஒத்தக்கடையில் யானைமலை அடியில் 1965-ல் தொடங்கிய வேளாண் கல்லூரி இரண்டும் நல்ல தொடக்கம். உள்ளே போக அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். நாகமலை, கீழக்குயில்குடி, அழகர்கோவில் பக்கத்து ஊர்களில் ஓட்டு வீடும் கொட்டகையும் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

ஓட்டையின் விட்டம் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு அருகில் இருக்கட்டும், அதாவது 8 முதல் 12 மில்லிமீட்டர். எட்டடிக்கு மேலே பார்க்கத் தேவையில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தை முதலில் முடியுங்கள். தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை வெயில் படும் கிழக்குப் பக்கச் சுவர்களை நிதானமாகப் பாருங்கள்.

அடைபட்ட ஓட்டை கிடைத்தால் அடைப்பைப் படிக்க வேண்டும். பச்சையாகவோ காய்ந்த பழுப்பாகவோ இலைச் சக்கரங்கள் தெரிந்தால் இலைவெட்டி. புல் துருத்திக்கொண்டிருந்தால் புல் அடைக்கும் குளவி. வழவழப்பான மண் என்றால் பெரும்பாலும் மண்குளவி. பிசின் தேனீயின் அடைப்பு புதிதாக இருக்கும்போது சாய்வெயிலில் மினுங்கும், தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை இருக்கும், அதற்குள் மணல் துணுக்கும் மரத்தூளும் பதிந்திருக்கும். நாளாக நாளாகத் தூசி ஒட்டி மங்கிப்போகும். ஓட்டை திறந்திருந்து விளிம்பில் மட்டும் பழைய பிசின் வளையமாக நின்றால், உள்ளே இருந்தவை கடித்துக்கொண்டு வெளியேறிவிட்டன என்று அர்த்தம். அதுவும் நல்ல செய்திதான், அந்தச் சுவரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

குச்சி விட்டோ ஊசியால் கிளறியோ பார்க்கக் கூடாது. உள்ளே வரிசையாகக் குழந்தைகள் இருக்கின்றன. வாசல் உடைந்தால் முதல் ஆளாக எறும்பு வரும்.

ஊர்ப்பக்கம் போனால் இன்னொரு சிக்கலுக்கும் தயாராக இருங்கள். கொட்டகைச் சுவரை அரைமணி நேரம் வெறித்துக்கொண்டு நின்றால் வீட்டுக்கார அம்மா வராமல் இருக்கமாட்டார். “என்னப்பா, ஒட்டடை பாக்க வந்தியா?” என்பார். முதலிலேயே போய், “ஆத்தா, உங்க செவுத்துல ஒரு தேனீ கூடு வச்சிருக்கு, படம் எடுத்துக்கிறவா?” என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்டவருக்குப் பெரும்பாலும் மோர் கிடைக்கும், பக்கத்து வீட்டு ஓட்டை பற்றிய தகவலும் சேர்ந்தே கிடைக்கும்.

பிசின் எங்கிருந்து வருகிறது

வேம்பிலும் கருவேலத்திலும் வடிவது தண்ணீரில் கரையும் ரகம். நாட்டு மருந்துக்கடையில் விற்பதும் அதுதான். பிசின் தேனீ தேடுவது தண்ணீரில் கரையாத, எண்ணெய்ப்பசை உள்ள ரகத்தை. மழைக்காலத்தில் கூட்டுக்குள் ஈரம் இறங்காமல் தடுப்பதும், மகரந்த உருண்டை பூசணம் பிடிக்காமல் காப்பதும், எறும்பை அண்டவிடாமல் வைப்பதும் அந்தப் பசைதான்.

மதுரை வட்டாரத்தில் இதற்கு முதலில் பார்க்க வேண்டியது கிளுவை. கொல்லை வேலிக்கு நட்டு வைக்கும் முள்கிளுவை சாம்பிராணி மரத்துக்குச் சொந்தம். கிளை முறிந்த இடத்தில் மணக்கும் பால் கசிந்து கெட்டிப்படும். அடுத்தது மா. நத்தம் சாலையிலும் அழகர்கோவில் பக்கமும் இருக்கும் தோப்புகளில் கவாத்து செய்த கிளை, தண்டுத்துளைப்பான் புழு குடைந்த தண்டு, இவற்றில் பசை திரண்டிருக்கும். முந்திரியும் மா குடும்பம்தான்.

வெட்டுக்காயத்தில் ஒரு கறுப்புத் தேனீ தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கடித்து இழுப்பதைப் பார்த்தால் அசையாதீர்கள். பசையைத் தாடையால் சுரண்டி, முன்னங்காலால் தள்ளி உருட்டி, உருண்டையைத் தாடைக்கு நடுவே பிடித்துக்கொண்டு கிளம்பும். கால்களில் பசை ஒட்டிக்கொள்வதில்லையா என்று கேட்டால், ஒட்டும். நடுநடுவே நின்று காலைத் துடைத்துக்கொள்வதைக் கேமராவை மெதுவாக்கிப் பார்த்தால் தெரியும். எந்தத் திசையில் பறந்தது என்று பார்த்துவையுங்கள், கூடு அந்தப் பக்கம்தான்.

கிளுவை வேலிகள் கம்பிவேலியாக மாறிக்கொண்டே வருகின்றன. பிசின் தேனீ அரிதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கூட்டு வாசலில் காத்திருப்பது

வெயில் ஏறிய பிறகுதான் வேலை தொடங்கும். கோடையில் காலை ஏழரை முதல் பத்தரை வரை, மழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் ஒன்பதிலிருந்து மதியம் வரை. மதுரைக்கு அதிக மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. அதற்குப் பிந்தைய வாரங்களில் பூவும் இருக்கும், வெயிலும் தாங்கும். புதிதாகத் தேடுகிறவர்கள் அந்தப் பருவத்தில் தொடங்குங்கள்.

வாசலுக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம். வெளியே கிளம்பும் தேனீ வாசலைப் பார்த்தபடியே முன்னும் பின்னும் ஆடி, சுற்றியுள்ள அடையாளங்களை மனதில் பதித்துக்கொள்ளும். அந்தக் காட்சியில் நீங்களும் ஒரு தூணாகப் பதிந்துவிட்டால், நீங்கள் நகர்ந்த பிறகு அது தடுமாறும். பக்கவாட்டில், ஒரு மீட்டர் தள்ளி, சுவரோடு சுவராக உட்காருங்கள். நிழல் வாசலில் விழக் கூடாது.

வாசலில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும். அடிவயிறு முழுக்க மஞ்சளோடு வந்து இறங்கும். முதலில் தலையை விட்டு உள்ளே போகும், வயிற்றில் கொண்டுவந்த பூந்தேனை மகரந்தக் குவியல்மேல் கக்கும். பின்பக்கமாகவே வாசலுக்கு வரும். வாசலில் ஒரு திரும்பு திரும்பி, இப்போது பின்புறத்தை முதலில் விட்டு உள்ளே போகும், பின்னங்காலால் வயிற்று முடியைச் சுரண்டி மகரந்தத்தை உதிர்க்கும். தலை மட்டும் வாசல் பக்கம் தெரியும். வெளியே வரும்போது பார்த்தால் வயிறு சுத்தமாகக் கறுத்திருக்கும். திரும்பிப் பின்பக்கமாகப் போவதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் அது சோறு கட்டும் பருவம். தலையை விட்டுப் போனது வெகுநேரம் வரவில்லை, வாயில் ஏதோ கொண்டுபோனது என்றால் அறைக்குச் சுவர் வைக்கிறது.

ஓர் அறை நிறைந்ததும் ஒரு முட்டை, பிறகு தடுப்புச் சுவர், பிறகு அடுத்த அறை. ஆழத்தில் பெண் முட்டைகள், வாசல் பக்கம் ஆண் முட்டைகள். இதனால் முன்னால் இருக்கும் ஆண்கள் முதலில் வெளியேறிவிடும், பின்னால் இருக்கும் அக்கா தங்கைக்கு வழி கிடைக்கும். முட்டை கருவுற்றால் பெண், கருவுறாவிட்டால் ஆண், ஆகவே எந்த அறையில் எது என்பதைத் தாயே தீர்மானிக்கிறது. வாசலை மூடியபின் அந்தத் தாய் திரும்பி வராது. வேறு ஓட்டை பார்க்கப் போய்விடும்.

கொட்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். காக்க அடையோ தேனோ இல்லாததால் துரத்திவந்து கொட்டாது. பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

கூட்டைச் சுற்றும் திருடர்கள்

வாசலுக்கு அருகே வேலை எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் தேனீயைக் கவனியுங்கள். பின்புறம் கூம்பாகக் கூர்ந்திருந்தால் அது சீலியாக்ஸிஸ். தாய் பூவுக்குப் போன நேரம் பார்த்து, திறந்திருக்கும் அறையில் தன் முட்டையைச் சொருகிவிட்டுப் போகும். தலையும் மார்பும் கறுப்பு, வயிறு செக்கச்சிவப்பு என்றால் யூயாஸ்பிஸ். இது இன்னும் துணிச்சல்காரி. மூடிய பிசின் சுவரையே உடைத்துப் புகுந்து, இருக்கும் முட்டையை ஒழித்துவிட்டுத் தன் முட்டையை வைத்து, மறுபடி அடைத்தும் விடும். இரண்டுக்கும் மகரந்தம் சுமக்கும் முடி கிடையாது, தேவையும் இல்லை.

விரட்டாதீர்கள். யூயாஸ்பிஸ் தெரிகிறது என்றால் அந்த வட்டாரத்தில் பிசின் தேனீ போதுமான அளவு இருக்கிறது. கூடு கண்ணில் படாத இடத்தில் இந்தச் சிவப்பு வயிற்றுக்காரியைப் பார்த்தாலும் தேடலைத் தொடரலாம்.

பூவில் பார்ப்பது

மல்லிகைத் தோட்டத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். மதுரை மல்லி மாலையில் மலர்வது, அதையும் மொட்டிலேயே பறித்துவிடுகிறோம், போதாக்குறைக்கு மருந்துத் தெளிப்பும் அதிகம். மெகாகைல் குடும்பத்துக்குப் பிடித்தது பட்டாணிப்பூ வடிவப் பூக்கள்: துவரை, சணப்பை, தரிசில் முளைக்கும் கிலுகிலுப்பை, கொழிஞ்சி, புங்கை.

கிலுகிலுப்பைப் பூ ஒன்றை விரலால் அழுத்திப் பாருங்கள். கீழே படகு போல் இருக்கும் இதழைத் தாழ்த்தினால் அதன் மூக்கு நுனியிலிருந்து மகரந்தம் பற்பசை மாதிரிப் பிதுங்கி வரும். கனமான தேனீ உட்கார்ந்து அழுத்தும்போது அது நேரே அடிவயிற்றில் பூசிக்கொள்கிறது. சிறிய பூச்சிக்கு அந்தப் படகு தாழ்ந்து கொடுக்காது. தொல்லையில்லாத தரிசும் உரத்துக்குப் போட்ட சணப்பையும் இருக்கும் ஊரில் இந்தத் தேனீக்குச் சாப்பாட்டுப் பஞ்சம் இல்லை.

அழகர்மலைக் காப்புக்காட்டுக்குள் பூவைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள், வனத்துறை அனுமதி வேண்டும். 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலும் பாதையை விட்டு இறங்காமல், ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். பூச்சியைப் பிடித்து ஊசி குத்தும் வேலை வேண்டாம். அது ஆராய்ச்சியாளர்கள் அனுமதி வாங்கிச் செய்வது.

படமும் பதிவும்

கைப்பேசி போதும். கிளிப் மேக்ரோ லென்ஸ் இருந்தால் கூட்டு வாசலுக்கும் அடைப்புக்கும் நல்லது, பறக்கும் தேனீக்கு உதவாது. தேனீக்கு ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள். அதிலிருந்து ஒரு காட்சியை உருவிக்கொள்ளலாம், நடத்தையும் பதிவாகிவிடும். கேமரா என்றால் ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறையாமல் வைத்து, வாசலில் முன்கூட்டியே ஃபோகஸ் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

இனம் சொல்ல உதவும் படங்கள் இவை: இறக்கை முழுதாகத் தெரியும் பக்கவாட்டுப் படம், அடிவயிறு, தாடை தெரியும் முகம், வாசல் அடைப்பு. அடைப்போடு ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். 2012 முதல் 2018 வரை ஆண்டு பொறித்த நாணயம் கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர், ஓட்டையின் அளவைப் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உயிரினப் படங்களை யாரும் பதிவிடக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றும்போது தேதி, நேரம், என்ன மரம் அல்லது சுவர், பிசின் எங்கே எடுத்தது, எந்தப் பூ என்பதையும் எழுதுங்கள். யாராவது ஒருவர் வீட்டுச் சுவர் என்றால் இடத்தை மறைத்துக்காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். படத்தை வைத்து இனம் உறுதியாகாவிட்டால் மெகாகைல் என்ற பேரினத்தோடு நிறுத்துங்கள். அவசரப்பட்டு இனப்பெயர் போட்ட பத்துப் பதிவைவிட, அடைப்பும் அடிவயிறும் தெளிவாகத் தெரியும் ஒரு பதிவு பிறருக்குப் பயன்படும்.

அரிது என்ற வார்த்தையைப் பயன்படுத்துவதில் நிதானம் வேண்டும். உலகின் மிகப் பெரிய தேனீயும் ஒரு பிசின் தேனீதான். இந்தோனேசியாவின் வட மலுக்குத் தீவுகளில் 1858-ல் இயற்கையியலாளர் வாலஸ் கண்டெடுத்தது, பிறகு 1981-ல் பூச்சியியலாளர் ஆடம் மெஸ்ஸர் மீண்டும் கண்டார், 2019-ல்தான் உயிரோடு இருப்பதன் படம் உலகத்துக்குக் கிடைத்தது. கறையான் புற்றுக்குள் கூடு வைக்கும் கட்டைவிரல் அளவுப் பூச்சியே இத்தனை காலம் ஒளிந்திருக்க முடிந்தது என்றால், கண்ணில் படாததெல்லாம் அரிது என்று சொல்லிவிட முடியாது.

வீட்டில் மூங்கில் கட்டு வைப்பது

தேடிப் போகாமல் வரவழைக்கவும் முடியும். காய்ந்த மூங்கிலை, ஒரு முனையில் கணு வருமாறு, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுங்கள். கணு பின்பக்கச் சுவராகிவிடும். உள்விட்டம் 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை கலந்து இருக்கட்டும், வாசல் விளிம்பில் சிலாம்பு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இறக்கை கிழியும். வார்னிஷ், பெயின்ட் வேண்டாம். இருபது முப்பது துண்டு சேர்த்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் போதும். கடையில் பூச்சி ஓட்டல் என்று விற்கும் பெரிய பெட்டிகள் தேவையில்லை. ஒரே இடத்தில் நூறு கூடு என்றால் பேனும் பூசணமும் திருடர்களும் அங்கேதான் கூடும்.

மூங்கில் கிடைக்காவிட்டால் பூவரசங்கட்டையில் துளையிடலாம். மறுபக்கம் வரை துளைத்துவிடக் கூடாது.

மதுரை வெயிலில் மேற்கே பார்த்து வைத்தால் உள்ளே இருப்பவை வெந்துபோகும். கிழக்கு பார்த்து, ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே, மழைச்சாரல் படாமல், நெஞ்சு உயரத்தில், காற்றில் ஆடாதபடி கட்டுங்கள். தொங்கவிட்டால் அந்தக் கம்பியில் கிரீஸ் தடவுங்கள், எறும்பு ஏறாது. பக்கத்தில் ஒரு கிளுவைப் போத்து நட்டு, நாலு சணப்பை விதை தூவிவிட்டால் வீடு, கட்டுமானப் பொருள், சாப்பாடு மூன்றும் ஒரே இடத்தில் அமைந்துவிடும்.

முதலில் குளவியோ இலைவெட்டியோதான் குடிவரும், அவற்றையும் இருக்கவிடுங்கள். அடைபட்ட துண்டுகளை இடம் மாற்ற வேண்டாம். உள்ளிருப்பவை வெளியே வர வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அடைப்பில் வட்டமாகக் கடித்த ஓட்டை விழுந்து, அதன்பின் சில வாரம் போனதும், அந்தத் துண்டை மட்டும் உருவி எடுத்துப் பிளந்து பாருங்கள். அறைகளுக்கு இடையே நின்ற பிசின் தடுப்புகள், பழுப்புப் பட்டுக்கூட்டின் தோல், சாப்பிட்டு மிச்சமான மகரந்தத் துணுக்கு எல்லாம் வரிசையாகத் தெரியும். எத்தனை அறை, எதில் ஆள் வெளியேறவில்லை என்று எழுதிக்கொண்டு, பழைய துண்டை எரித்துவிட்டு, அந்த இடத்தில் அதே விட்டமுள்ள புதுத் துண்டைச் செருகுங்கள்.